எம்.டி.90உம் கால் போத்தல் பெற்றோலும்

போன கிழமை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். புதுசு. நாற்பது தாண்டின பிறகு உங்களுக்கு என்ன விளையாட்டு எண்டு மனிசி கேட்டா. நான் வேலை செய்யிற ரெஸ்ரோரண்ட் ஸ்ராற்ஃபோர்ட்டில் இருக்கிறது, வீடு இல்ஃபோர்ட்டில். குசினி கழுவி முடித்து வெளியே வர நள்ளிரவு தாண்டிவிடும். பஸ்சுக்கு நிற்கிற குளிர் இனிக் காணும் என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை என்று அவவுக்கும் தெரியும்.

வாங்கியது ஹொண்டா சுப்பர் கப், 125 சிசி. திறப்பைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தாலே போதும், எங்கேயும் போட்டுத் திருப்பத் தேவையில்லை. ஏறியிருந்து ஒரு பொத்தானை அமத்தினேன். ஸ்ரார்ட் ஆகிவிட்டது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. உண்மையிலேயே ஸ்ரார்ட் ஆனதா என்று குனிந்து பார்த்தேன். அதற்குள் என்ரை வலது கால் தன்பாட்டில் கிக்கரைத் தேடிக்கொண்டிருந்தது. கிக்கரே இல்லை! கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டான். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

இடது காலுக்கு அந்தக் குழப்பம் இல்லை. இதில் கிளச் பிடி கிடையாது. மிதியை முன்பாதத்தால் அமத்தினால் கியர் கூடும், குதியால் அமத்தினால் குறையும். முப்பது வருசத்துக்கு மேலாகியும் காலுக்கு அது மறக்கவில்லை. ஏனென்றால் நான் முதன்முதலில் ஓடியது இதன் தாய்வழிச் சொந்தமான எம்.டி.90.

எங்கட ஆக்களுக்கு எம்.டி.90 என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுப்பர் கப் 1958 ஆகஸ்ட்டில் ஜப்பானில் வந்தது. 2017இல் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. மோட்டார் வாகனங்களில் வேறெதுவும் இந்தளவுக்குச் செய்யப்பட்டதில்லை. அதே குடும்பத்தில் ஜப்பான் தபால்காரருக்கென்று செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள்தான் எம்.டி.90. அவர்கள் ஓடிக் கழித்தவை எங்கட ஊருக்கு வந்தன. எங்கட மாமாவிடமும் ஒன்று இருந்தது. அந்தச் சீற்றில் எத்தனை ஜப்பான் கடிதங்கள் போய்வந்திருக்கும் என்று சின்ன வயதில் யோசிப்பேன்.

இந்தக் குடும்பத்தின் தொடக்கமும் ஒரு தட்டுப்பாட்டில்தான். 1946இல், போரில் தோற்ற ஜப்பானில், ஹமமட்சு என்ற ஊரில் சொய்ச்சிரோ ஹொண்டா, இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின்களை எடுத்து மிதிசைக்கிளில் பூட்டினார். முதலில் செய்துபார்த்ததற்குப் பெற்றோல் ராங்க் கிடைக்காமல் சுடுதண்ணிப் போத்தலைக் கட்டினாராம். அதை ஓடிப் பார்த்தவர்களில் அவரின் மனைவியும் ஒருவர். பெற்றோலும் கட்டுப்பாட்டில் இருந்தது. அதனால் பைன் மரவேரில் வடித்த ரேப்பந்தைன் எண்ணெயைக் கலந்து ஓடினார்கள். ஸ்ரார்ட் பண்ணுவது பெரும்பாடு, தெருவெல்லாம் ரேப்பந்தைன் மணம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் வானொலியின் எஞ்சினைச் சைக்கிளில் பூட்டினார்கள். நாங்கள் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் வானொலி கேட்டோம்.

1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பற்றரி, சீமெந்து, பசளை என்று நீளும் பட்டியலில் பெற்றோலும் இருந்தது. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கென்று அளந்து வந்தது, அதுவும் கொள்ளை விலை. யாழ்ப்பாணத்தில் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மொரிஸ் மைனர், ஏ40, தண்ணி இறைக்கிற மிசின், மோட்டார் சைக்கிள், எல்லாமே.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. பெற்றோல் உறைபனிக்கும் கீழேயே பத்தக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 40 பாகை சூடு வேண்டும். அதனால் எஞ்சின் சூடாகும்வரைக்கும் கொஞ்சம் பெற்றோல் காட்டியே ஆகவேண்டும். மாமாவிடம் ஒரு சின்ன மருந்துப் போத்தல் இருந்தது. மூடியில் ஓட்டை போட்டு சேலைன் குழாய்த் துண்டு செருகியிருப்பார். அதில் பெற்றோலை எடுத்து காபரேற்றர் வாயில் ரண்டு தரம் பீச்சிவிட்டு உதைக்கவேண்டும். பிடித்தால் உடனே முறுக்கி, சூடாகும்வரைக்கும் விடாமல் வைத்திருக்கவேண்டும். விட்டால் மறுபடி முதலில் இருந்து. பின்னால் வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும். பிளக்கில் கரி பிடிக்கும். ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் கெதியில் தேயும். பின்சீற்றில் போகிறவரின் கண் எரியும், சட்டை மணக்கும். அந்த மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், என்ன செய்ய?

எங்கட சனம் கூடுகிற இடங்களில் இந்தக் கதை எப்பவும் வரும். "யாழ்ப்பாணத்தான்ரை மூளையைப் பாருங்கோ, பெற்றோல் இல்லாமலே மோட்டச்சைக்கிள் ஓடினவன்" என்று முடிப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 1917இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாறித்தான் ஓடியது. நான் இப்ப இருக்கிற இந்த நாட்டிலேயே 1949இல் வந்த ஒருவகை பேர்குசன் உழவு இயந்திரத்தில் சின்ன ராங்கில் பெற்றோலும் பெரிய ராங்கில் மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயும் இருந்தன. வரி குறைவு என்று இங்கத்தைய கமக்காரர் அதை விரும்பி வாங்கினார்கள். நாங்கள் விரும்பி ஓடவில்லை. மூளைக் கதையில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. இன்னும் சிலதும் காணாமல் போகிறது.

1993இல் எனக்குப் பன்னிரண்டு வயது. உரும்பிராயில் இருந்தோம். ஒருநாள் பின்னேரம் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நான் மாமாவின் எம்.டி.90ஐ உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தேன். மாமா செய்கிற மாதிரியே பீச்சினேன், உதைத்தேன். வரவில்லை. திரும்பப் பீச்சினேன். எட்டாவதோ ஒன்பதாவதோ உதையில் பிடித்தது. ஒழுங்கை முடியும்வரைக்கும் ஓடினேன், முந்நூறு மீற்றர் இருக்கும். மாவடியடியில் திருப்பும்போது நின்றுவிட்டது. உருட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். ஆனால் அந்த முந்நூறு மீற்றரும் நான் பெரிய மனிசன்.

வந்து பார்த்தால் மருந்துப் போத்தல் வெறும் போத்தல். பெரிய போத்தலில் அவசரத்துக்கென்று வைத்திருந்த கால் போத்தல் பெற்றோலில் இருந்து அதை நிரப்பினேன். பெரிய போத்தலில் குறைந்தது தெரியாமல் இருக்க விளக்கு மண்ணெண்ணெயை ஊற்றினேன். அளவு சரியாக வந்தது. ஆசை அடங்கவில்லை. அடுத்தநாளும் அதையே செய்தேன், அதற்கு அடுத்தநாளும். மூன்றாம்நாள் அந்தக் கால் போத்தலில் பெற்றோல் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மருந்துப் போத்தலையும் மண்ணெண்ணெயால்தான் நிரப்பி வைத்தேன்.

நாலாம்நாள் இரவு பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு இழுப்பு. பென்சன் எடுத்தவர், எனக்கு வாய்ப்பாடு பாடமாக்கித் தந்தவர். மகன் ஓடிவந்து படலையைத் தட்டினார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு பலாலி றோட்டால் ஏழெட்டுக் கிலோமீற்றர். மாமா எம்.டி.90ஐ வெளியில் எடுத்தார். நான் விளக்குப் பிடித்தேன். பீச்சினார், உதைத்தார். பீச்சினார், உதைத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், பூட்டினார், உதைத்தார். அரைமணித்தியாலம் போயிருக்கும். வாத்தியார் திண்ணையில் குந்தியிருந்து மூச்சுக்குப் போராடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் மாமா அந்தப் போத்தலை எடுத்து மூக்கடியில் பிடித்தார். என்னைப் பார்த்தார். விளக்கு வெளிச்சம் என்ரை முகத்தில்தான் இருந்தது.

"பிளக் போட்டுதடாப்பா, இது இனிச் சரிவராது. சைக்கிளை எடுங்கோ" என்றார்.

கரியரில் வாத்தியாரை இருத்தி மாமா மிதித்தார். மகன் மற்றச் சைக்கிளில் பக்கத்தில் வந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனார். லைற் இல்லாமல்தான். வாத்தியார் மூன்றாம்நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். பிந்தி வந்ததால் என்று டொக்ரரும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. அங்கே மருந்துக்கும் தட்டுப்பாடுதான். மாமா அதுபற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. போத்தலை மட்டும் வேறு இடத்தில் வைத்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாருமாக வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி நின்ற நிலையில் ஓட முடியவில்லை. அம்மம்மாவைச் சீற்றில் இருத்தி மாமா எம்.டி.90ஐ உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு அதைச் சாவகச்சேரியில் அரிசிக்கு மாற்றினார்.

2022இல் நாடு முழுக்க எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றபோது மாமா போனில் சிரித்தார். "எங்களுக்கு இது பழசு, இவைக்குத்தான் புதுசு" என்றார். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். என்ரை சுப்பர் கப்பின் ராங்க் 3.7 லீற்றர். வாங்கின அன்று பெற்றோல் செற்றில் அதை நிரப்பும்போது எனக்கு அந்தக் கணக்குத்தான் ஓடியது. ஒரு நிமிசமும் எடுக்கவில்லை. 2021இல் இருந்து இங்கே சாதாரண பெற்றோலிலேயே பத்துவீதம் மதுசாரம் கலந்துதான் வருகிறது. ஒருவரும் அதை மூளை என்று சொல்வதில்லை. மூடியை இறுக்கமுதல் குனிந்து ஒருக்கா மணந்து பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் ஒருமாதிரிப் பார்த்தார்.

அன்று இரவு மாமாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது.

"ஒரு உதையில ஸ்ரார்ட் வருதோ?"

"உதை இல்லை மாமா. பொத்தான்."

"அப்ப பழுதானா என்ன செய்வாய்?"

"கடையில விடவேணும்."

சிரித்தார். நான் கொஞ்சம் பொறுத்து, "மாமா, அந்த வாத்தியாற்றை..." என்று தொடங்கினேன்.

"அதை விடு. ஒயில் ஒழுங்கா மாத்து. மழைக்கை ஓடாதை" என்றார். மாமி கூப்பிடுகிறா என்று போனை வைத்துவிட்டார்.

நேற்று முதல்தரம் வேலையால் அதில் வந்தேன். சிவப்பு எல் மட்டையோடு றொம்ஃபோர்ட் றோட் முழுக்க. கிட்டத்தட்ட ஏழு கிலோமீற்றர்தான். பச்சை லைற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன, பதினைந்து நிமிசமும் ஆகவில்லை. வீட்டுக்கு முன்னால் நிப்பாட்டிவிட்டு கொஞ்சநேரம் எஞ்சினை நூராமல் விட்டிருந்தேன். மனிசி யன்னலைத் திறந்து, ஏன் நிக்கிறியள், சாப்பாடு ஆறுது எண்டா.