குடக்கூத்தும் கடல்மல்லைப் பாறையும்

க்ருஷ்ணாவதார சேஷ்டிதங்களுள் ஆழ்வார்கள் பலகாலும் ஈடுபட்டுப் பேசுமவற்றில் குடக்கூத்தும் ஒன்று. தலையிலே அடுக்குக்குடமும் தோள்களிலே குடங்களுமிருக்க, இரு கைகளாலும் குடங்களை மேலே எறிந்து ஏற்று ஆடுவது அது. ஆடும் முறையைப் போலவே ஆடிய இடமும் ஆராயத்தக்கது. கூரையிட்ட அரங்குக்கு உரிய கூத்தன்று அது. எறிந்த குடம் எழுவதற்கு ஆகாசம் வேண்டும்.

சிலப்பதிகாரக் கடலாடு காதை, மாதவி ஆடிய பதினோராடலுள் குடத்தையும் வைத்து, வாணாசுரனுடைய நகர வீதியில் மாயோன் ஆடியது என்கிறது. ஆழ்வார்களோ இதனை ஆயர்குலத்தோடு சேர்த்தே அநுபவிக்கிறார்கள். களம் வேறாயினும் வெளி மாறவில்லை. அங்கு வீதி, இங்கு மன்றும் தெருவும். மன்றாவது ஊர்ப் பசுக்களும் மனிதரும் கூடும் பொதுவிடம். அதற்குக் கதவில்லை.

அந்தணர்க்குச் செல்வம் மிக்கால் யாகங்கள் செய்வதுபோல, இடையர்க்குச் செல்வம் மிக்கால் அச்செருக்குக்குப் போக்குவீடாக ஆடும் கூத்து இது என்பது பூர்வாசார்யர்கள் நிர்வாஹம். இடையர் செல்வமாவது கன்றும் பாலும், அவற்றை விளைக்கும் புல்லும் மழையும். ஆகவே, இயற்கையோடு ஒன்றுதல் என்று இக்காலத்தார் சொல்லுமது அவர்களுக்குத் தேடிப்பெற வேண்டியதொன்றாய் இருக்கவில்லை. இதைக்கொண்டு மலையும் மழையுமே அவர்கட்குத் தெய்வம் என்று முடிப்பதும் பொருந்தாது. கோவர்த்தனத்துக்கு இட்ட சோற்றை, மலையுருவாய் நின்று கண்ணனே அமுதுசெய்தான் என்றன்றோ புராணம் சொல்லுகிறது. மலை அவனுக்குச் சரீரம். சரீரத்துக்குச் செய்தது சரீரியைச் சேரும்.

திருமங்கையாழ்வார் சிறிய திருமடலைத் தொடங்குமிடம் இங்கு முக்கியமானது. தெருவிலே பறை முழங்க, குடங்களேந்தி ஒருவன் ஆடுகிறான். மற்றவர் அழைக்க, நாயகி காணச் செல்லுகிறாள். சென்றவள் நிறமும் வளையும் இழந்து மீளுகிறாள். அரண்மனையில் ஆடியிருந்தால் அவள் கண்டிருக்கவும் மாட்டாள், இழந்திருக்கவும் மாட்டாள். தெருவில் ஆடியதே ஸௌலப்யம். அப்பிரபந்தத்திலேயே, அவனைத் தேடி அவள் செல்வதாகச் சொல்லும் திருப்பதிகளின் வரிசையில் கடல்மல்லையும் இடவெந்தையும் வருகின்றன.

அக்கடல்மல்லையில், கோவர்த்தனோத்தாரணம் 7ஆம் நூற்றாண்டிலே பாறையில் செதுக்கப்பட்டது. மலையைத் தாங்கும் கண்ணனைச் சூழ, பால் கறப்பவனும், தன் கன்றை நக்கும் பசுவும், குழலூதுபவனும், தலையில் கலங்களைத் தாங்கிய ஆய்ச்சியும் காணப்படுகின்றனர். அக்கலங்களைக் கொண்டு இதனையும் குடக்கூத்தென்று கொள்வதற்கில்லை. அவள் ஆடவில்லை, சுமக்கிறாள். ஆனால் குடக்கூத்து பிறந்த வாழ்வு முழுவதும் அப்பாறையிலே உள்ளது.

இப்போது அதன்முன் நிற்கும் தூண்மண்டபம் விஜயநகர காலத்தது. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் அவ்வாயர்பாடி வெயிலுக்கும் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் திறந்தே கிடந்தது. மண்டபம் சிற்பத்தைக் காத்தது உண்மை. இன்று உள்ளே நிழலில் நின்று காண்பவர்க்கு, மழைக்கஞ்சி மலையடியில் ஒதுங்கிய கூட்டம் அது என்பது சட்டென்று புலப்படுவதில்லை. தலசயனத்துறைவாரை மங்களாசாஸனம் பண்ண 8ஆம் நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் எழுந்தருளியபோது மண்டபம் இல்லை. கடற்கரை ஊரின் நடுவே, வெறும் வானத்தின்கீழ், கன்றை நக்கும் அப்பசு நின்றிருந்தது.