பழத்தோட்டத்தில் வளர்ந்த அணி

பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி பாடசாலையின் பொறுப்பு என்றே யாழ்ப்பாணத்தில் நாம் எண்ணி வளர்ந்தோம். 1904ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய கல்லூரி – சென் ஜோன்ஸ் கல்லூரிப் பெரும் போட்டியிலும் தந்தையருக்கு உரிய இடம் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான். புலம்பெயர்ந்த நாடுகளிலோ சிறுவர் கழகங்கள் பல பெற்றோரின் தொண்டினாலேயே நடைபெறுகின்றன. பயிற்றுவிக்க ஒரு தகப்பன் முன்வரவேண்டும் என்று கழகத்தார் கேட்கும்போது, நம்மவர் இரவு வேலையைக் காரணங்காட்டி விலகிக்கொள்வதைக் காண்கிறோம். காரணம் பொய்யன்று. ஆயினும் ஓய்வற்ற ஒரு தகப்பனின் கதையை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1880 செப்டெம்பரில் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய இங்கிலாந்து அணியில் சகோதரர் மூவர் இடம்பெற்றனர். ஈ. எம்., டபிள்யூ. ஜி., ஃபிரெட் எனப்பட்ட கிறேஸ் சகோதரரே அவர்கள். டபிள்யூ. ஜி. அன்று எடுத்த 152 ஓட்டங்கள், டெஸ்ட் போட்டியில் இங்கிலாந்தின் முதற் சதமாகும்.

இவர்களின் தந்தை ஹென்றி மில்ஸ் கிறேஸ், பிறிஸ்ரல் நகருக்கு அருகே டவுண்எண்ட் என்னும் ஊரில் வைத்தியர். மருத்துவ மாணவராயிருந்த காலத்தில் அதிகாலை ஐந்து மணிக்கே டேர்டம் டவுண் வெளிக்குச் சென்று துடுப்பாடிவிட்டுப் படிப்புக்குத் திரும்பியவர். 1850களில், வீட்டுப் பழத்தோட்டத்து மரங்களை வெட்டி ஆடுகளம் அமைத்தார். அங்கு ஐந்து ஆண்மக்களும், தாய்மாமன் அல்ஃபிரட் பொக்கொக்கும், ஏன், வீட்டு நாய்களுங்கூடக் களத்தில் இருந்தனர். நாய்களுக்குப் பந்து பொறுக்கும் வேலை.

தந்தை தாமே எல்லாவற்றையும் கற்பிக்க முற்படவில்லை என்பதே நம்மைக் கவர்கிறது. துடுப்பாட்ட நுணுக்கங்களைக் கற்பித்தவர் மாமன். ஈ. எம். சிறுவயதில் பெரியவர்களின் துடுப்பைத் தூக்கி ஆடியதால் குறுக்காகச் சுழற்றும் பழக்கம் அவரிடம் ஊறிவிட்டது. அதைக் கண்டுகொண்ட மாமன், இளையவர் இருவருக்கும் அவரவர் உயரத்துக்கேற்ற சிறு துடுப்புகளைக் கொடுத்து, நேராக ஆடப் பழக்கினார். மூத்தவனிடம் கண்ட குறையை இளையவனிடம் திருத்துவது வீட்டிலேதான் எளிது. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் அது எவ்வளவு அரிது என்பதைக் கரும்பலகை முன் நின்றோர் அறிவர்.

வைத்தியர் முன்னின்று வளர்த்த மேற்கு குளொஸ்ரஷயர் கழகத்தில், 1857 யூலையில், ஒன்பது வயது நிரம்பிய கையோடு டபிள்யூ. ஜி. முதன்முதலாக ஆடினார். ஆட்டமிழக்காது மூன்று ஓட்டங்கள். அடுத்த இரு ஆண்டுகளிலும் குறிப்பிடத்தக்க எதுவும் அவர் துடுப்பிலிருந்து வரவில்லை. தகப்பன் இருந்த அணி பொறுத்திருந்தது. 1860இல் கிளிஃப்டன் அணிக்கெதிராக 51 ஓட்டங்களைப் பெற்றபோது அவருக்கு வயது பன்னிரண்டளவே.

தாய் மார்தாவும் வெறும் பார்வையாளர் அல்லர். ஆட்டத்தை நுணுகி அறிந்தவர். மைந்தர் தவறாக ஆடினால் முகத்துக்கு நேரே சொல்வார். அவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிப் பேணினார்.

மக்களின் புகழின் உச்சத்தைத் தந்தை காணவில்லை. 1871 டிசெம்பரில் அவர் மறைந்தார். ஓவல் போட்டிக்கு அப்போது இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அப்போட்டி முடிந்த இரு வாரங்களில் ஃபிரெட்டும் நுரையீரல் அழற்சியால் இருபத்தொன்பது வயதில் இறந்தார். ஆனால் தந்தைக்கு வேறொன்று வாய்த்தது. 1870 யூனில் குளொஸ்ரஷயர் மாகாண அணி தனது முதலாவது முதற்தரப் போட்டியை ஆடி வென்றது. அவ்வணியை உருவாக்கியதில் முதன்மையானவர் அவரே, ஆடியவர்களுள் அவர் மக்கள் இருந்தனர், ஆடிய இடமோ மாணவப் பருவத்தில் அவர் விடியலில் ஓடிச்சென்ற அதே டேர்டம் டவுண்.

மார்தா 1884 யூலையில் காலமானார். மைந்தர் இருவரும் அவ்வேளை மான்செஸ்ரரில் லங்காஷயர் அணிக்கெதிராக ஆடிக்கொண்டிருந்தனர். செய்தி எட்டியதும் போட்டி அத்துடன் நிறுத்தப்பட்டது.