ராத்திரி ஊறிய குவளை

இலங்கையில் நாட்டுமருந்து விற்கும் கடைகளில் ஒரு மரக்குவளை கிடைக்கும். வேலைப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இராது. படுக்கப் போகும்முன் அதில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், விடியும்போது வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். சீனி வருத்தக்காரர்கள் அதை வெறும் வயிற்றில் குடிப்பார்கள். மரத்துக்குச் சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்று பெயர். மரம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது காட்டில் படரும் தடித்த கொடி. தென்னிந்தியாவிலும் உண்டு. சித்த மருத்துவர்கள் கடலழிஞ்சில் என்பார்கள்.

தண்ணீரில் இறங்குவது எது என்று தேடியவர்களில் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முக்கியமானவர்கள். மசாயுகி யோஷிகாவாவின் குழு 1997-இல் இந்தக் கொடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. செடியின் தாவரவியல் பெயர் செலேசியா என்பதால் அதற்குச் சலாசினால் என்று பெயர். மறு வருடம் இன்னொன்று அகப்பட்டது. இந்த முறை சிங்களப் பெயருக்கு மரியாதை: கோட்டலனால்.

சலாசினால் ஒரு வினோதமான சர்க்கரை. வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் நேர்மின்னூட்டத்தோடு. பக்கத்திலேயே எதிர்மின்னூட்டம் கொண்ட சல்பேட். நாம் தின்ற சோறு சிறுகுடலுக்கு வந்ததும், அங்கே சுவரில் இருக்கும் ஆல்பா-குளுக்கோசிடேஸ் நொதிகள்தான் அதைக் கடைசியாகக் குளுக்கோஸாக உடைக்கின்றன. சலாசினால் அந்த நொதியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. சோறு மெதுவாகச் செரிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக எகிறுவதில்லை. உடையாத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்குவது இதன் தொல்லை.

குவளையின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிபட்டது இங்கேதான். இப்படி மின்னூட்டம் சுமக்கும் பொருள் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் சுலபமாகக் கரையும். காய்ச்ச வேண்டாம், சாராயத்தில் ஊறப்போட வேண்டாம். பாத்திரமே மருந்து, ஊற்றும் தண்ணீரே கரைப்பான். முதல் குவளையைக் கடைந்தவர் யாரென்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

இதே கொடியில் மாஞ்சிஃபெரினும் இருக்கிறது. மாவிலையிலும் மாம்பட்டையிலும் உள்ள அதே பொருள். ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட இது உதவுகிறது. சோதனைக்குழாயில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குடல் அதை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சுகிறது. அந்த விளம்பரத்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். நொதியைத் தடுக்கும் சங்கதி வேறு. அது உறிஞ்சப்படவே வேண்டியதில்லை, குடலுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது. இந்தச் செடியின் தேநீரை இலங்கையில் 51 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்ட ஆய்விலும் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது தெரிந்தது.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரை இறங்கிப்போனால், வழக்கம்போல் ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுப் பயனில்லை. சீனியை உடைக்கும் நொதியையும் சலாசினால் அடைத்து வைத்திருக்கும். கைவசம் குளுக்கோஸ் தூள் வைத்திருங்கள்.