செருப்புத் தைப்பவர் போட்ட பிரேக்!

காரை ஓடவைத்தது யார் என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட ‘கார்ல் பென்ஸ்’ என்று சொல்லிவிடும். ஒழுங்காக நிற்கவைத்தது யார்? அதில் செருப்புத் தைக்கும் ஒருவருக்கும் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

1888, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மான்ஹைம் நகரம். பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைச் சீந்த ஆளில்லை. பார்த்தார் மனைவி பெர்த்தா. கணவரிடம் மூச்சு விடாமல், 15 வயதிலும் 13 வயதிலும் இருந்த இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார்!

வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அதுகூடப் பரவாயில்லை... இறக்கத்தில்தான் வந்தது ஆபத்து. பிரேக்குக்காக இருந்த மரக்கட்டைகள் தேய்ந்துகொண்டே வந்தன. பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? வழியில் இருந்த செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டை மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்று ‘பிரேக் லைனிங்’ என்கிறோமே, அதன் பாட்டி அதுதான்!

ஆனால், தோல் எத்தனை நாள் தாங்கும்? பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற வேலை. வேகம் கூடக்கூடத் தோலும் பருத்தியும் கருகிப்போயின. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-ல் நல்ல லைனிங் தேடி ஆராய்ச்சியில் இறங்கினார். (தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ‘ஃபெரோடோ’.) அவரும் மற்றவர்களும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம்... கல்நார். அதாவது, ஆஸ்பெஸ்டாஸ். நெருப்பில் எரியாது, நூலாக நூற்கலாம், விலையும் மலிவு. வேறென்ன வேணும்?

1902-ல் பிரான்சின் லூயி ரெனோ, டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். லைனிங் இப்போது மூடிய டிரம்முக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. சரி, தேயும் லைனிங்கின் தூசி எங்கே போகும்? பெரும்பகுதி உள்ளேயே தங்கியது.

இதற்குள் சக்கரத்தின் நடுவிலும் ஒரு புரட்சி நடந்திருந்தது. 1898-ல் அமெரிக்காவில் குதிரை வண்டி தயாரித்துவந்த ஹென்றி டிம்கன், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டியின் பாரத்தோடு, திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் அது சேர்த்துத் தாங்கியது. ஒரே நிபந்தனை... அவ்வப்போது கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைக்கணும். கார் வைத்திருந்தவர்கள் பலரும் இதை வீட்டு வாசலிலேயே செய்துகொண்டார்கள். சக்கரத்தைச் சுற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்திவிடணும். அதிகமாக இறுக்கினால் பேரிங் சூடாகிப் போச்சு. தளர்த்தினால் சக்கரம் ஆடும். கைப்பக்குவம்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பல பழைய கார்களில் முன் சக்கர பேரிங்கை எடுக்கணும் என்றால் டிரம்மையும் சேர்த்து உருவணும். உருவினால், உள்ளே மெல்லிய தூசி. கை தன்னால் என்ன செய்யும்? வாயை வைத்து ‘ஃபூ’ என்று ஊதிவிடும். பட்டறையில் என்றால் காற்றுக் குழாயால் அடிப்பார்கள். அத்தனையும் கல்நார் கலந்த தூசி!

ஆபத்து யாருக்கும் தெரியாதா? தெரியும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண், 1924-ல் 33 வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார். டாக்டர் வில்லியம் குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். 1931-ல் பிரிட்டிஷ் அரசு ஆலைத் தூசிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆலைக்குச் சட்டம் வந்தது. வீட்டு வாசலில் டிரம் முன் குனிந்திருந்தவருக்கு வரவில்லை.

இந்த நோயின் சூழ்ச்சியே அதன் பொறுமைதான். 20, 30, 40 வருஷம்கூட உள்ளே காத்திருந்துவிட்டுத்தான் தலைகாட்டும். ஊதியவருக்கு மட்டுமா? அவர் சட்டையை உதறித் துவைத்த மனைவியின் நுரையீரலுக்கும் அந்த இழைகள் போயின. பிரிட்டனில் முழுத் தடை வர 1999 ஆனது. பழைய கார்களுக்குத் தனியாக வாங்கிப் போடும் கல்நார் லைனிங்குக்கு அமெரிக்க அரசு தடை உத்தரவு போட்டது எப்போது? 2024-ல்!

நீங்கள் பழைய கார் பிரியரா? சக்கரத்தைக் கழற்றி நீங்களே பேரிங், பிரேக் மாற்றுகிறவரா? சபாஷ்! பெர்த்தாவின் வாரிசு நீங்கள். ஆனால், டிரம்மைத் திறந்ததும் ஊதாதீர்கள், பிரஷ்ஷால் தட்டவும் வேண்டாம். நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அன்றைக்குப் போட்ட சட்டையை உதறாமல், நனைத்துத் தனியாகத் துவையுங்கள். பக்கத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், முதலில் அவர்களை உள்ளே அனுப்புங்கள்.