மூன்று ஜன்னல் வீடுகளின் நகரம்

1527ஆம் ஆண்டு லிவிவ் நகரம் பற்றி எரிந்தது. ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய கோதிக் பாணி வீடுகளும் அவற்றின் கூரைகளும் அந்தத் தீயில் அழிந்தன; தப்பியவை சொற்பம். இன்று உக்ரைனின் மேற்கே, போலந்து எல்லைக்குச் சற்று இப்பால் இருக்கும் அந்த நகரத்தின் மையத்தில் பயணிகள் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் தீக்குப் பின் எழுந்தவை. நகரத்தைத் திரும்பக் கட்ட இத்தாலியிலிருந்தும் சுவிட்சர்லாந்துப் பகுதிகளிலிருந்தும் கொத்தனார்கள் வந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் கிரேக்க, ஆர்மீனிய, ஹங்கேரிய, யூத வணிகர்கள். ஆண்டது போலந்து மன்னர்.

தமிழ் வாசகர்களில் பலர் லிவிவ் என்ற பெயரை 2022 பிப்ரவரி, மார்ச் மாதச் செய்திகளில்தான் முதன்முதலில் கேட்டிருப்பார்கள். உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள், அவர்களில் தமிழக மாணவர்களும், போர் தொடங்கியதும் எல்லையைக் கடக்க வந்து குவிந்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1904இல் திறக்கப்பட்ட அதன் பிரம்மாண்டமான ரயில் நிலையத்தில் லட்சக்கணக்கான அகதிகள் இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். அந்த நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் ஐரோப்பாவின் செழுமையான பழைய நகர மையங்களில் ஒன்று இருக்கிறது.

லிவிவின் பழைய கட்டடங்களில் எதை எடுத்துக்கொண்டாலும் கட்டச் சொன்னவர் ஓர் இனம், கட்டிக் கொடுத்தவர் வேறோர் இனம், இன்று காத்து நிற்பவர் இன்னோர் இனம் என்றிருக்கும். அந்த நகரத்தின் அருங்காட்சியகங்களைப் புரிந்துகொள்ள இதுவே சாவி.

நகரத்தின் பெயர் முதன்முதலில் 1256ஆம் ஆண்டுக்குரிய நாளாகமக் குறிப்பில் வருகிறது. ஹாலிச் நாட்டு அரசர் டானிலோ இதை நிறுவி, தன் மகன் லெவின் பெயரைச் சூட்டினார். அடுத்த நூற்றாண்டில் போலந்து மன்னர் மூன்றாம் காசிமிர் இதைக் கைப்பற்றி, 1356இல் மாக்டெபுர்க் சட்டப்படியான தன்னாட்சி உரிமையை வழங்கினார். நகர நிர்வாகம் ஜெர்மானியச் சட்டத்தின்கீழ் வந்தது. ஆனால் அங்கிருந்த ஆர்மீனியர்கள், யூதர்கள், ருத்தேனியர் என்று அப்போது அழைக்கப்பட்ட உக்ரைனியர்கள் ஆகியோர் விரும்பினால் தத்தம் சட்டப்படியே வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அந்தப் பட்டயம் சொன்னது. மதிலுக்குள் ஒவ்வொரு சமூகமும் தன் தெருவில் குடியிருந்தது. ஆர்மீனியத் தெரு, ருஸ்கா தெரு, பழைய யூதர் தெரு ஆகிய பெயர்கள் இன்றும் சுவர்ப் பலகைகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

எல்லாத் தெருக்களுக்கும் நடுவில் ரினோக் சதுக்கம். நடுவே நகர மன்றக் கட்டடம். அதன் கோபுரம் 65 மீட்டர் உயரம். பழைய கோபுரம் 1826இல் இடிந்து விழுந்ததால் 1835க்குள் கட்டி முடித்த புதிய கோபுரம் இது. நான்கு மூலைகளிலும் நெப்டியூன், டயானா, ஆம்பிட்ரைட், அடோனிஸ் சிலைகளுடன் நான்கு நீரூற்றுகள். சுற்றிலும் வரிசை வீடுகள். அவற்றில் பெரும்பாலானவை மூன்று ஜன்னல் அகலம்தான். மனையின் முகப்பு அவ்வளவுதான். அதற்குமேல் இடம் வேண்டுமென்றால் பின்னால் நீட்ட வேண்டும், இல்லையேல் மாடி எழுப்ப வேண்டும்.

இந்த அளவை மீறி நிற்பது 6ஆம் எண் வீடு. கிரீட் தீவிலிருந்து வந்து, மத்தியதரைக்கடல் ஒயின் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த கான்ஸ்டன்டின் கோர்னியாக்ட் என்ற கிரேக்கர் 1580இல் இரண்டு மனைகளைச் சேர்த்து, ஆறு ஜன்னல் அகலத்தில் இதை எழுப்பினார். கட்டியவர் இத்தாலியரான பியோத்ர் பார்போனா. தெருவிலிருந்து பார்த்தால் வீட்டின் அழகு பாதிதான் தெரியும். வாசலைத் தாண்டி உள்ளே போனால் ஒரு முற்றம். சுற்றிலும் மூன்று அடுக்காக வளைவுத் தாழ்வாரங்கள், மெல்லிய கல்தூண்கள், மேலே சதுரமாக வெட்டிய வானம். கிழக்கு ஐரோப்பியக் குளிருக்குச் சற்றும் பொருந்தாத இந்தத் திறந்த தாழ்வாரங்களில் கட்டியவரின் ஊர் நினைப்பு அப்படியே தெரிகிறது. பின்னாளில் வீடு போலந்து மன்னர் யான் சோபியெஸ்கியின் கைக்குப் போனது. மாஸ்கோவுடன் போலந்து செய்துகொண்ட ‘நித்திய சமாதான’ ஒப்பந்தம் 1686இல் இங்கேதான் உறுதி செய்யப்பட்டது. இப்போது இது 1893இல் தொடங்கிய லிவிவ் வரலாற்று அருங்காட்சியகத்தின் பகுதி. பக்கத்தில் 4ஆம் எண்ணில் மணற்கல் முகப்பு காலப்போக்கில் கருத்துப்போன ‘கறுப்பு மாளிகை’யும் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததுதான்.

கோர்னியாக்ட் தன் வீட்டோடு நிற்கவில்லை. ருஸ்கா தெருவில் உள்ள மரியன்னை விண்ணேற்புத் தேவாலயத்தின் மணிக்கோபுரத்துக்கும் அவரே பணம் கொடுத்தார். இன்றும் அது கோர்னியாக்ட் கோபுரம்தான். அதை ஒட்டிய தேவாலயத்துக்கு மால்டோவிய அரசர்கள் நன்கொடை தந்தார்கள், இத்தாலியக் கலைஞர்கள் கட்டினார்கள், உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் சகோதரத்துவச் சங்கம் நடத்தியது.

அந்தச் சங்கத்தின் கதையோடு உக்ரைனின் அச்சு வரலாறும் கலந்திருக்கிறது. மாஸ்கோவில் அச்சகம் நடத்திய இவான் ஃபெடரோவ், அங்கிருந்து கிளம்பி, லிவிவுக்கு வந்து, 1574இல் ‘அப்போஸ்தலர்’ நூலை அச்சிட்டார். அதே ஆண்டில் சிறுவர்களுக்கான அரிச்சுவடி ஒன்றையும் வெளியிட்டார். கடன் அவரை விடவில்லை. 1583இல் அவர் இதே நகரத்தில் இறந்தபோது அச்சுக் கருவிகள் அடகில் இருந்தன. சகோதரத்துவச் சங்கத்தார் பணம் திரட்டி அவற்றை மீட்டார்கள். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அச்சங்கத்தின் அச்சகம் நூல்களை வெளியிட்டது.

ஆர்மீனியத் தெருவில் இருக்கும் ஆர்மீனியத் தேவாலயத்தின் தொடக்கம் 1363. அதன் முற்றத்தில் நடப்பவர்களின் காலடியில் பழைய கல்லறைக் கற்கள் தளமாகப் பாவப்பட்டிருக்கின்றன. உள்ளே சுவர்களில் இருப்பவை இருபதாம் நூற்றாண்டு ஓவியங்கள். 1920களில் யான் ஹென்ரிக் ரோசன் வரைந்தவை. அவற்றில் புனித ஒடிலோவின் இறுதி ஊர்வலத்தைக் காட்டும் ஓவியத்தின் முன் பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்பதுண்டு. சவத்தைச் சுமந்து செல்லும் துறவிகளின் பக்கத்திலேயே, ஊடுருவிப் பார்க்கக்கூடிய வெளிறிய உருவங்களாக, முன்பே இறந்துபோன துறவிகளும் கூட நடக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் அரசு இந்தத் தேவாலயத்தை மூடியது. கட்டடம் கலைப்பொருட்களின் கிடங்கானது. 2000களின் தொடக்கத்தில்தான் மீண்டும் ஆர்மீனியச் சமூகத்தின் வழிபாட்டுக்குத் திரும்பியது.

லத்தீன் கதீட்ரலின் பக்கத்தில் உள்ள போயிம் சிற்றாலயம் ஹங்கேரியிலிருந்து வந்த வணிகக் குடும்பத்தின் கல்லறை. 1609இல் தொடங்கிய வேலை. அதன் முகப்பில் வெறும் சுவர் என்று சொல்ல ஒரு சாண் இடம்கூட இல்லை. கறுத்த கல் முழுக்கச் சிற்பங்கள். குவிமாடத்தின் உச்சியில், சிலுவையின் அடியில், கன்னத்தில் கை வைத்துத் துயரத்தோடு உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துவைக் கீழே நிற்பவர் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க முடியும்.

1772இல் லிவிவ் ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு மாறியது. லெம்பெர்க் என்ற பெயரில் கலீசியா மாகாணத்தின் தலைநகரானது. பொல்ட்வா ஆற்றை நிலத்தடியில் மூடிவிட்டு, அதன்மேல் 1900இல் ஓபரா அரங்கம் கட்டினார்கள். நகரத்தில் ஒரு மருந்துக்கடை செய்த காரியம் உலகத்தின் இரவுகளையே மாற்றியது. மிகோலாஷின் மருந்துக்கடையில் வேலை பார்த்த இக்னாசி லுகாசியேவிச், யான் ஜே இருவரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து மண்ணெண்ணெய் எடுத்தார்கள். அதில் எரியும் விளக்கையும் செய்தார்கள். 1853 ஜூலை 31 அன்று லிவிவ் மருத்துவமனை ஒன்றில் இரவு நேர அறுவைச் சிகிச்சை அந்த விளக்கொளியில் நடந்தது. அந்தக் கடை இன்றில்லை. ஆனால் ரினோக் சதுக்கத்தின் ஓரத்தில் 1735இல் தொடங்கிய ‘கறுப்புக் கழுகு’ மருந்துக்கடை, 1966இல் இருந்து மருந்தக அருங்காட்சியகமாக இயங்குகிறது. முன்னறையில் மருந்து விற்பனை, பின்னறைகளில் பீங்கான் ஜாடிகள், கல்வங்கள், தராசுகள், மாத்திரை உருட்டும் பலகைகள், கீழே நிலவறை.

பிறகு வந்தது இருபதாம் நூற்றாண்டு.

1939இல் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். ஒரு லட்சத்துக்கும் மேல். பாதிப் பேர் போலந்துக்காரர்கள். 1941இல் ஜெர்மானியப் படை நுழைந்தது. மூன்றே ஆண்டுகளில் கெட்டோவிலும், யானோவ்ஸ்கா முகாமிலும், பெல்ஜெட்ஸ் கொலை முகாமிலுமாக அந்த யூதச் சமூகம் கிட்டத்தட்ட முழுவதுமாக அழிக்கப்பட்டது. 1582இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் எழுப்பிய ‘பொன் ரோஜா’ ஜெபக்கூடத்தை நாஜிகள் இடித்தார்கள். எஞ்சியது ஒரு சுவர். அந்த இடத்தில் 2016இல் நினைவுத்திடல் ஒன்று திறக்கப்பட்டது. நிமிர்ந்து நிற்கும் கற்பலகைகளில் நகரத்து யூதர்களின் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

1944 முதல் 1946 வரை, சோவியத் ஆட்சியின்கீழ், போலந்துக்காரர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு பொருட்களும் போயின. 1894 முதல் ஸ்ட்ரிஸ்கி பூங்காவின் வட்ட மண்டபத்தில் இருந்த ரத்ஸ்லாவிட்ஸே போர்ச் சித்திரம் 114 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். அதைச் சுருட்டி ரயிலில் ஏற்றி போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகருக்குக் கொண்டுபோனார்கள். மக்கள் அதை மீண்டும் பார்க்க 1985 வரை ஆயிற்று. லிவிவின் ஸ்காட்டிஷ் கஃபேயில் கணிதவியலாளர் ஸ்டெஃபான் பனாக்கும் நண்பர்களும் கணிதப் புதிர்களை எழுதிவைத்த ‘ஸ்காட்டிஷ் புத்தகம்’ என்ற நோட்டும் பனாக்கின் மனைவியோடு அதே ஊருக்குப் போனது.

காலியான வீடுகளில் உக்ரைனியக் கிராமங்களிலிருந்தும் சோவியத் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினார்கள். இன்றைய லிவிவ்வாசிகளில் பெரும்பாலோர் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தங்கள் முன்னோர் கட்டாத நகரத்தைத் தங்கள் நகரமாக ஏற்றுக்கொண்டவர்கள். 1998இல் பழைய நகர மையம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு உக்ரைனிய, போலந்து வல்லுநர்கள் சேர்ந்து ஆர்மீனியத் தேவாலயத்தின் ஓவியங்களைத் துப்புரவு செய்தார்கள். போர்க்காலக் கசப்புகள் இன்னும் ஆறாத இரு நாடுகளின் கைகள் அந்தச் சாரத்தின்மேல் ஒன்றாக வேலை செய்தன.

தங்கள் நகரம் என்ற அந்த ஏற்பு 2022 மார்ச்சில் செயலில் தெரிந்தது. ரினோக் சதுக்கத்தின் நான்கு சிலைகளையும் தீப்பிடிக்காத துணியாலும் பாதுகாப்பு உறைகளாலும் சுற்றினார்கள். லத்தீன் கதீட்ரலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை வெளியிலிருந்து அடைத்தார்கள். ஆர்மீனியத் தேவாலயத்தின் மரச் சிலுவை உருவத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்ட்ரே ஷெப்டிட்ஸ்கி தேசிய அருங்காட்சியகத்தில் போஹொரோட்சானி திருஉருவத் திரையைத் தனித்தனிப் பலகைகளாகக் கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினார்கள். கிரேக்க, ரோமானியப் புராணத் தெய்வமா, ஆர்மீனியச் சிலுவையா, போலந்துக் கண்ணாடியா என்று யாரும் தரம் பிரிக்கவில்லை.

அச்சம் வீணல்ல. 2023 ஜூலை 6ஆம் தேதி ரஷ்ய ஏவுகணைகள் நகரத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு வளையத்துக்குள்ளேயே குடியிருப்புகளைத் தாக்கின, உயிர்ப்பலி ஏற்பட்டது. செப்டம்பரில் யுனெஸ்கோ லிவிவை ஆபத்தில் உள்ள பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 செப்டம்பர் தாக்குதலில் மீண்டும் பழைய கட்டடங்கள் சேதமடைந்தன.

ஆயினும் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே நகரத்தின் அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறக்கத் தொடங்கின. சுவரில் வெற்றிடங்கள் இருந்தன. முக்கியப் பொருட்கள் நிலவறையில் இருந்தன. அப்படியும் மக்கள் வந்தார்கள். அவர்களில் கார்கிவ், மரியுபோல் போன்ற கிழக்கு நகரங்களிலிருந்து வீடிழந்து வந்தவர்களும் இருந்தார்கள். கிரேக்க வணிகரின் முற்றத்தையும் ஆர்மீனியரின் சுவரோவியங்களையும் தங்கள் சொத்தாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் அடுத்த தலைமுறைக் குடியேறிகள் இவர்கள்.