உறங்கும் வீட்டுக்கு ஒரு காவல்: புகை எச்சரிக்கைக் கருவி

இரவில் வீடு தீப்பற்றினால், தூங்குபவரைப் பெரும்பாலும் நெருப்புக்கு முன் புகை எட்டிவிடுகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது ஆளை எழுப்பாது, மயக்கிவிடும். எழுப்புவது புகை எச்சரிக்கைக் கருவி. ஜொகூர் நீரிணையின் அக்கரையில் சிங்கப்பூர், 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தோட்ட வீடோ தாமான் வீடோ, நமக்கும் இது தேவை.

படுக்கையறைக்கு வெளியே, கூரையின் உட்புறத்தில் பொருத்துங்கள். அடுப்புக்கும் சாம்பிராணி போடும் சாமி மேடைக்கும் அருகில் வேண்டாம். வீணாக அலறினால் பேட்டரியைக் கழற்றிவிடத் தோன்றும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். 10 ஆண்டுகளில் கருவியையே மாற்றுங்கள். கம்பிக்கதவுச் சாவி, வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் இருக்கட்டும். கருவி அலறினால் முதலில் வெளியேறுங்கள்; பிறகு 999-ஐ அழையுங்கள்.