கயிற்றின் மறுமுனை

திண்டுக்கல்லில் மலைக்கோட்டை உண்டு, பூட்டு உண்டு, சுருட்டு உண்டு, தோல் ஷாப்புகள் உண்டு. கடல் மட்டும் கிடையாது. கோட்டையின் உச்சியில் ஏறி நின்று எவ்வளவுதான் கண்ணை இடுக்கிப் பார்த்தாலும், ஒரு பக்கம் சிறுமலையும் மறு பக்கம் கொடைக்கானல் மலையும் நடுவே புஞ்சைக் காடும் கிணற்று மேடுகளும்தான் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் தங்கையின் பேரன், இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் ஒரு சிறு பட்டணத்தில் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருக்கிறான். அங்கே கடலோர மீட்புப் பணியில் தொண்டனாகச் சேர்ந்துவிட்டதாக அவன் தெரிவித்தபோது, வீட்டில் எழுந்த அமளியைச் சொல்லி முடியாது. என் தங்கை இரண்டு வேளை சாப்பிடவில்லை. கடைசியில் அவனோடு பேசிச் சமாதானம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"தாத்தா, பாட்டியிடம் சொல்லுங்கள். நான் கடலில் இறங்குவதே இல்லை. ஒருவர் பாறைச் சரிவில் இறங்குவார். நான் மேலே நின்றுகொண்டு கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் வேலை" என்றான்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "கயிறு பிடிக்கிறதுக்கா சீமைக்குப் போனான்? அதுக்கு இங்கேயே இருந்திருக்கலாமே!" என்றாள்.

நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவன், சில பழைய சரித்திரங்களில் போய்ச் சேர்ந்தேன்.

கரையிலிருந்து கப்பலுக்குக் கயிறு எறிந்து ஆளை மீட்கும் வித்தை, 1808-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் இங்கிலாந்தில் யார்மத் கரையில் முதன்முதலாகப் பலித்தது. காப்டன் மான்பி என்பவர் சிறு பீரங்கியில் குண்டுக்குப் பதிலாகக் கயிறு கட்டிய கட்டியை வைத்துச் சுட்டார். தத்தளித்துக்கொண்டிருந்த 'எலிஸபெத்' என்ற கப்பலுக்குக் கயிறு போய்ச் சேர்ந்தது. ஏழு பேர் பிழைத்தார்கள். ஆட்களைக் கொல்வதற்கென்று பிறந்த பீரங்கி அன்று ஏழு உயிரைக் காப்பாற்றியது!

ஆனால் கயிறு இருந்தால் மட்டும் போதுமா? 1864-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி, டைன் நதி கடலில் கலக்கும் இடத்தில், 'ஸ்டான்லி' என்ற பிரயாணிக் கப்பல் புயலில் பாறைகளின் மேல் மோதிச் சிக்கிக்கொண்டது. கரை மிகவும் அருகில் இருந்தது. கயிறும் இருந்தது. ஜனங்களும் திரளாகக் கூடியிருந்தார்கள். ஆயினும், அந்தக் கயிற்றை எப்படிக் கட்டுவது, எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்று பழகிய கைகள் போதவில்லை. கண்ணெதிரே பலர் மாண்டு போனார்கள்.

அந்த இரவைப் பார்த்த டைன்மத் வாசிகள் அழுததோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே, டிசம்பர் 1864-இல், தாங்களே தொண்டர் மீட்புப் படை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். புயல் இல்லாத நாட்களில் கூடிக் கயிறு பிடித்துப் பழகினார்கள். அவர்களைப் பார்த்து மற்றக் கரைகளிலும் இத்தகைய படைகள் தோன்றின. என் தங்கையின் பேரன் வாரத்தில் ஒரு மாலை குளிரில் போய் முடிச்சுப் போட்டுப் பழகுகிறானே, அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இதெல்லாம் சீமைச் சமாசாரம், நமக்கு இதில் என்ன பங்கு என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதி வரையில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னரானாலும் குமாஸ்தாவானாலும் மசூலாப் படகில் ஏறித்தான் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதன் கூடவே கட்டுமரங்கள் வரும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை அலையிலிருந்து தூக்கி எடுப்பது கட்டுமரக்காரர்களின் வேலை. அப்படி உயிர் காத்தவர்களுக்கு மெடல் கொடுப்பதும் உண்டு. வந்து இறங்கிய துரைமார்களின் பெயர்கள் புத்தகம் புத்தகமாக இருக்கின்றன. தூக்கி எடுத்தவர்களின் பெயர்களைத்தான் காணோம்.

'ஸ்டான்லி' மோதி நூறு வருஷம் கழித்து, 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன ரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களோடு கடல் கொண்டுபோயிற்று. எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் தெருக்கோடி டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் மறுபடி நிமிர்த்திய இளம் இன்ஜினீயர் ஸ்ரீதரனை நாடு ஞாபகம் வைத்திருக்கிறது, வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த இரவில் பாலம் அறுந்து கிடந்தது. தீவிலே இருந்தவர்கள் கை நீட்டினாலும், இக்கரையிலிருந்து பிடித்து இழுக்க வழியில்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் படகுகளோடு நகரத் தெருக்களுக்குள் புகுந்தார்கள். பதினொரு வருஷத்துக்கு முன் சுனாமியில் வீட்டையும் படகையும் பறிகொடுத்த கரையிலிருந்துதான் அவர்கள் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் தாமாகவே படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரமாயிரம் பேரைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குத் தனியாக ஒத்திகை எதற்கு? தினந்தோறும் பிழைப்புக்காகச் செய்வதே ஒத்திகைதான்.

இவ்வளவையும் படித்த பிறகு ஒரு நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் அல்ல, ஒரு கிணறு ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கு ஏழு வயதிருக்கும். வேடசந்தூர்ப் பாதையில் இருந்த எங்கள் தோட்டத்துக் கமலைக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டேன். கமலை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து என்னைப் பிடித்தார். என்னைச் சாலுக்குள் உட்கார வைத்து, "மெல்ல ஓட்டு!" என்று மேலே பார்த்துக் கத்தினார். சால் ஆடாமல், பாறைச் சுவரில் இடிக்காமல் மேலே வந்தது. நான் பிழைத்தேன். அப்பா அந்த ஆளுக்கு வேட்டியும் பத்து ரூபாயும் கொடுத்தார். இந்தக் கதையை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

மேலே மாட்டை ஓட்டியது யார்? அறுபது வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் மடை திருப்புவதற்காக வந்த பெண். பத்து வயதிருக்கலாம். கமலைக்காரர் கஞ்சி குடிக்கும்போது அவள்தான் மாட்டைப் பார்த்துக்கொள்வாள். அன்று அவள் பயந்து ஓடியிருந்தால், அல்லது அவசரத்தில் மாட்டை விரட்டியிருந்தால், சால் சுவரில் மோதி நான் சிதறியிருப்பேன். கயிற்றின் ஒரு முனையில் நான் இருந்தேன். மறுமுனை அவள் கையில் இருந்தது. நான் மேலே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போய்விட்டாள். தண்ணீர் வீணாகிறது அல்லவா?

சென்ற வாரம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு பழைய கிணறு வற்றி, முள் மூடிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். கமலைக்காரரையே யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியப் போகிறது?

வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அந்தப் பெண்ணின் பெயர் நினைவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம வீட்டிலே ஒரு பாவாடைத் துணிகூட எடுத்துக் குடுக்கலையேண்ணே" என்றாள்.

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்ப சீமையிலே மணி என்ன இருக்கும்? பேரன் முழிச்சிருப்பானா?" என்று கேட்டாள்.